ஒரு வருஷம், தமிழின் பெரிய நாவல்கள்: எந்த வழியில் படிப்பது?

சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிற ஜனவரியில் நிறையப் பேர் ஒரு முடிவெடுப்பார்கள்: இந்த வருஷம் தமிழின் முக்கியமான நாவல்களைப் படித்தே தீருவது. தள்ளுபடியில் இரண்டு பை நிறைய வாங்கியும் வந்துவிடுவார்கள். மாசி பிறக்கும்போது இரண்டாவது புத்தகத்தின் நடுவில் ரயில் டிக்கெட்டோ கல்யாணப் பத்திரிகையோ செருகப்பட்டு, புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். நமக்குச் சோம்பேறித்தனம் என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். நான் பார்த்தவரை சோம்பல் அரிதாகத்தான் காரணம். படிக்க எடுத்துக்கொண்ட வழி அவருடைய நேரத்துக்கும் ருசிக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

வழிகள் பல உண்டு. இத்தனை புத்தகம் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம். முதல் நாவலிலிருந்து கால வரிசையாக வரலாம். ஒரே எழுத்தாளரை முழுதாகப் படிக்கலாம். வட்டாரம் வட்டாரமாகப் போகலாம். தமிழில் வந்திருக்கும் பிறமொழி நாவல்களில் இறங்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற ஒருவருக்கு வட்டாரம் வட்டாரமாகப் போவதுதான் ஆகச்சிறந்தது என்பது என் தீர்மானமான கருத்து. மற்ற வழிகளையும் நியாயமாகப் பார்த்துவிட்டு அங்கே வருகிறேன்.

எண்ணிக்கை வழி

‘வருஷத்துக்கு ஐம்பது’ என்பதுதான் இப்போது அதிகம் கேட்கிற சவால். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 20 பக்கம் தவறாமல் படித்தால் வருஷத்துக்கு 7,300 பக்கம். சராசரியாக 300 பக்க நாவல் என்று வைத்தால் 24 புத்தகம் முடியும். ஐம்பது வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 40 பக்கத்துக்கு மேல் போக வேண்டும், காய்ச்சல் நாளும் கல்யாண நாளும் சேர்த்து. ஆபீஸ், பிள்ளைகள், வீட்டு வேலை என்று இருப்பவருக்கு இது நடக்கிற காரியமில்லை.

நடந்தாலும் இதில் வேறொரு சங்கடம் இருக்கிறது. எண்ணிக்கை வைத்தவுடன் கை தானாக ஒல்லிப் புத்தகத்தைத் தேடும். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ ஒரே மாலையில் முடிந்துவிடும். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ அறுநூறு பக்கத்தைத் தாண்டும். கணக்கில் இரண்டும் ஒன்று ஒன்றுதான். அதனால் மோகமுள் டிசம்பருக்குத் தள்ளிப்போகும், பிறகு அடுத்த வருஷத்துக்கு. ஆனால் நாவல் என்ற வடிவத்தின் முழு சுகமும் அந்த மாதிரி நீண்ட புத்தகத்தில்தான் இருக்கிறது. ரங்கண்ணாவிடம் பாபு சங்கீதம் கற்றுக்கொள்ளும் பக்கங்களைக் கணக்கை முடிக்கிற அவசரத்தில் புரட்டினால் கதை மட்டும் கையில் நிற்கும். கும்பகோணமும் சுருதியும் நழுவிவிடும்.

வாசிப்பே விட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, கை செல்போனை விட்டு நகர மறுக்கிறது என்கிறவருக்கு எண்ணிக்கை உதவும். அதையும் புத்தகக் கணக்காக வைக்காமல் நேரக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். தினமும் அரை மணி நேரம். எந்தப் புத்தகம், எத்தனை பக்கம் என்பது இரண்டாம்பட்சம்.

கால வரிசை

ஒழுங்கை விரும்புகிறவர்கள் இதைத்தான் முதலில் நினைப்பார்கள். 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தொடங்கி ஒவ்வொன்றாக முன்னேறி வருவது. தமிழில் நாவல் என்பது எப்படி உருவானது, உரையாடல் எப்போது உயிர் பெற்றது, உபதேசம் எப்போது குறைந்தது என்று கண்ணெதிரே பார்க்கலாம். இலக்கிய மாணவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. செலவும் கம்மி. ஆரம்பகால நாவல்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம்.

சிக்கல் முதல் புத்தகத்திலேயே வரும். வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். ஊரைத் திருத்த வேண்டும் என்ற ஆசை பக்கத்துக்குப் பக்கம் தெரியும். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளைக்கதை வரும், அதற்குள் ஒரு நீதி வரும், அதற்கு ஒரு விளக்கம் வரும். ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ஒரு நாட்டையே ஆளுகிற இடம் வரைக்கும் போனவர்களுக்குப் புத்தகம் பிடித்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்ணின் புத்திசாலித்தனத்தை இத்தனை மரியாதையோடு எழுதியவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. ஆனால் வருஷத்தின் முதல் புத்தகமாக இதை எடுத்தவர்களில் பலர் அதுவரை போவதில்லை.

அடுத்து வரும் பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஒரு பெரிய பாய்ச்சல். 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது. சிறுகுளம் கிராமத்துப் பெண்கள் கூடி ஊர்க்கதை பேசும் ‘வம்பர் மகாசபை’யைப் படித்துப் பாருங்கள். ஒருத்தி தொடங்குவதும் மற்றவள் எடுத்துக் கொடுப்பதும் மூன்றாமவள் கண்ணும் காதும் வைப்பதும் இன்றைக்கும் தெருமுனையில் கேட்கிற மாதிரியே இருக்கும். இருபத்தாறு வயதில் இறந்துபோன ஒரு இளைஞர் எழுதியது இது. இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் என்னவெல்லாம் எழுதியிருப்பாரோ என்ற ஆதங்கம் அதைப் படிக்கும்போதெல்லாம் வருகிறது.

கால வரிசைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு யோசனை. 1940களிலிருந்து தொடங்குங்கள். 1942இல் வந்த ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, 1946இல் வந்த க.நா.சுப்ரமண்யத்தின் ‘பொய்த்தேவு’ என்று எடுத்து 1980 வரை வாருங்கள். பிறகு 1879க்குத் திரும்புங்கள். அப்போது பழைய நடை தடையாகத் தெரியாது. வீட்டுப் பெரியவர் நிதானமாகப் பேசுவதைக் கேட்கிற பொறுமை அதற்குள் வந்திருக்கும்.

ஒரே எழுத்தாளர்

இந்த வழியில் பெரும்பாலும் கல்கிதான் வருவார். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர், ஐந்து பாகம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக் கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு கிளம்பினால் யாரும் தள்ளாமலே வண்டி ஓடும். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்கவிட எழுதப்பட்டது. அதனால் ஒரே மூச்சில் விழுங்குவதைவிட தினமும் இரண்டு அத்தியாயம் என்று படிப்பதே அதன் இயல்புக்குப் பொருந்தும். நாட்டுடைமையான எழுத்து என்பதால் மலிவுப் பதிப்பு எங்கும் கிடைக்கும்.

இதைச் சவால் என்று சொல்ல மாட்டேன். வாசிப்புப் பழக்கம் இல்லாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் ஓய்வுபெற்ற தாத்தாவுக்கும் ஒரே மாதிரி பிடிக்கிற புத்தகம் அது. அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் ஒரு முழு வருஷத்தைக் கல்கிக்கு மட்டும் கொடுத்தால் மற்ற நாவலிலும் சாகசத்தையும் திருப்பத்தையுமே எதிர்பார்க்கிற மனம் வந்துவிடுகிறது. அந்த மனத்தோடு அசோகமித்திரனைப் பிரித்தால் ‘இதில் ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று மூடத் தோன்றும்.

அசோகமித்திரனையே அந்த ஓர் எழுத்தாளராக எடுப்பது இதைவிடப் பலன் தரும். ‘தண்ணீர்’, ‘கரைந்த நிழல்கள்’, ‘18வது அட்சக்கோடு’ மூன்றும் பெரிய புத்தகங்கள் இல்லை. ‘தண்ணீர்’ நாவலில் சென்னையில் ஒரு தெரு குடத்தோடு அலைகிறது. அதற்குள் ஜமுனாவின் வாழ்க்கை மொத்தமும் வந்துவிடுகிறது. ‘18வது அட்சக்கோடு’ 1948ஐ ஒட்டிய செகந்திராபாத். நிஜாம் ஆட்சி முடியப்போகிற அந்த நாட்களில் சந்திரசேகரன் என்ற கல்லூரிப் பையன் கிரிக்கெட்டும் மாடும் வகுப்புமாக இருக்கிறான். சரித்திரம் அவன் வீட்டு வாசல் வரை வருகிறது. கடைசிப் பக்கங்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதைப் படித்த இரவு தூங்க நேரமாகும்.

ஒரே எழுத்தாளர் என்பது இரண்டாம் வருஷத்துக்கான வழி. முதல் வருஷத்தில் நாலைந்து பேரைப் பார்த்து, யாருடைய குரல் நம்மை விடாமல் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு அவரிடம் முழுதாகப் போகலாம்.

வட்டாரம் வட்டாரமாக

தமிழ் நாவலின் பெரிய பலம் இடம். ஊரின் பேச்சு, சாப்பாடு, சாதி, தொழில், தண்ணீர், மண் எல்லாம் நாவலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த மூன்று நான்கு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தால், முதல் புத்தகத்தில் பட்ட சிரமத்தின் கூலி அடுத்த புத்தகத்தில் கிடைத்துவிடுகிறது. தனித்தனியாகப் படிக்கிறவருக்கு இந்த லாபம் கிடையாது.

கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன மாவட்டத்துக்குள் நான்கு நாவல். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வந்தது. பனைவிளை, கிறிஸ்தவ நாடார் குடும்பம், வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் நிறுத்தப்பட்ட லிஸி. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966. நாகர்கோவிலை நினைவூட்டும் நகரத்தின் நாற்சந்தி. நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968. இரணியல் செட்டிமார் தெரு. தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ 1988. அரபிக்கடலோர முஸ்லிம் கிராமம், அதில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரம்.

நான்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். லிஸிக்குப் படிப்பு நிறுத்தப்படுகிறது, வெளியுலகம் ஜன்னல் அளவாகச் சுருங்குகிறது. பனையேறியின் மகன் தங்கராஜின்மேல் அவளுக்கு வரும் அன்பை வீட்டின் கௌரவம் தடுக்கிறது. ‘தலைமுறைகள்’ நாவலில் நாகுவைப் புருஷன் செவந்தபெருமாள் அவள் பெண்ணே இல்லை என்று பழி சொல்லித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். அவள் தம்பி திரவிக்கு அந்த அநியாயம் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. வீட்டுப் பெரியவளான உண்ணாமலை ஆச்சி பழைய உலகத்தின் மொத்த நம்பிக்கையோடும் நடுவில் இருக்கிறாள். மீரானின் கிராமத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதே முதலாளிக்கு ஆகாத விஷயம். மதம் வேறு, தெரு வேறு. பெண்ணையும் படிப்பையும் கௌரவம் என்ற பெயரில் பூட்டி வைப்பது ஒன்றே. எந்தத் தனி நாவலும் இதை இத்தனை அழுத்தமாகச் சொல்லாது. நான்கும் சேரும்போது ஒரு நூற்றாண்டுச் சமூகம் முழுதாக எழுந்து நிற்கிறது.

நடுவில் புளியமரம். குளத்துக்குள் நின்ற மரம், மகாராஜா வருகிறார் என்று குளத்தைத் தூர்த்ததும் நாற்சந்தி மரமாகிறது. சுற்றிலும் கடைகள் முளைக்கின்றன. நகராட்சி, தேர்தல், பத்திரிகை, வியாபாரப் பொறாமை என்று எல்லாம் அதன் நிழலுக்கு வருகின்றன. தாமோதர ஆசான் சொல்லும் பழைய கதைகளைக் கேட்கப் பையன்கள் சுற்றி உட்காரும் பகுதியை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாஞ்சில் பேச்சு காதுக்குப் பழகிவிடும். அதன் பிறகு ‘தலைமுறைகள்’ அவ்வளவு கடினமாக இருக்காது.

வட்டார வழக்குதான் இந்த வழியின் சிரமமும். மதுரைக்காரருக்கு இரணியல் பேச்சு முதல் முப்பது பக்கம் முரண்டு பிடிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று அகராதி பார்க்காதீர்கள்; உரையாடலை மட்டும் சத்தமாகப் படித்தால் பாதி விளங்கிவிடும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணின் நாவல்களுக்கு கி. ராஜநாராயணனே தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது. அது தனியாகவே படிக்கத் தகுந்த புத்தகம்.

கரிசலுக்குப் போனால் அவருடைய ‘கோபல்ல கிராமம்’, கூடவே பூமணியின் ‘பிறகு’. முன்னதில் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்து காடு திருத்திக் குடியேறியவர்களின் கதையைப் பாட்டி மங்கத்தாயாரு சொல்கிறாள். பின்னது அதே கரிசலைச் சக்கிலியக் குடியிருப்பிலிருந்து, அழகிரிப் பகடையின் வீட்டிலிருந்து பார்க்கிறது. முதல் நாவலின் வெதுவெதுப்போடு நிறுத்திவிடாமல் உடனே இரண்டாவதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். ஒரே மண், ஆனால் யாருக்கு அது வீடு, யாருக்கு அது வேலைக்களம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

தஞ்சைக்கு ‘மோகமுள்’, ‘பொய்த்தேவு’, கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’. கொங்குக்கு ‘நாகம்மாள்’. நீலகிரிப் படகர்களுக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. தூத்துக்குடி உப்பளத்துக்கு அவருடைய ‘கரிப்பு மணிகள்’. வெயிலும் உப்பும் தோலைத் தின்கிற அந்த வேலையை நேரில் போய்ப் பார்த்து எழுதியவர் அவர். இந்த வரிசையைப் போடும்போது ஆண்களின் பெயரே வரிசையாக வந்து விழும். ஹெப்சிபாவும் ராஜம் கிருஷ்ணனும் ‘வாசவேச்வரம்’ எழுதிய கிருத்திகாவும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்கு கே. டேனியலின் ‘பஞ்சமர்’, இலங்கை நூல்களைத் தேட நூலகம் இணையதளம் பெரிய பொக்கிஷம். கடல் தாண்டினால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சுமத்ராவின் மெடானும் மலேயாவின் பினாங்கும், வட்டிக்கடைச் செட்டிமார்களும், ஜப்பான் ராணுவமும், நடுவில் பாண்டியன் என்ற இளைஞனின் மனத்துக்குள் சதா ஓடுகிற மதுரைத் தெருக்களும்.

பிறமொழி நாவல்கள் தமிழில்

இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், மொழிபெயர்ப்பின் தரத்தைப் பொறுத்துதான் அனுபவம் அமையும். நல்ல கை பட்டவை நிறையவே உள்ளன. டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டையும் எம்.ஏ. சுசீலா தந்திருக்கிறார். ரஷ்ய நாவலில் எல்லோரையும் மிரட்டுவது பெயர்கள். ரஸ்கோல்னிகோவ், ரோடியன் ரொமானோவிச், ரோத்யா மூன்றும் ஒரே ஆள். பென்சிலால் முதல் பக்கத்திலேயே பெயர்களை எழுதி, யாருக்கு யார் என்ன உறவு என்று போட்டுக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

ரஷ்யாவைவிட வங்காளமும் கேரளமும் நமக்குச் சீக்கிரம் ஒட்டும். தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ த.நா. குமாரசாமி மொழிபெயர்ப்பில் உள்ளது. நாடி பிடித்து மரணம் வரும் காலத்தைச் சொல்லிவிடுகிற ஜீவன் மஷாய் என்ற கிராமத்து வைத்தியர், புதிதாக வந்த இங்கிலீஷ் டாக்டர், இருவரிலும் யாரையும் வில்லனாக்காத எழுத்து. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமி தமிழில் வாசிக்கக் கிடைக்கிறது. ‘நாகம்மாள்’ எழுதிய ஷண்முகசுந்தரமே ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழாக்கியவர் என்பதால் அந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பது ஒரு தனி சந்தோஷம். தமிழ் நாவல்களை ஏற்கெனவே ஓரளவு படித்தவருக்கு இந்த வழியைத் தயங்காமல் சொல்வேன். புதியவர் மூன்று மாதத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொண்டால் போதும்.

காகிதமா திரையா என்பதில் எனக்குப் பெரிய வாதம் இல்லை. கிண்டில் இருந்தால் பஸ்ஸில் படிக்கலாம். வட்டார வழக்கு நாவல்களைக் காகிதத்தில் படித்தால் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். பொன்னியின் செல்வனை ஒலிநூலாகக் கேட்கலாம், தப்பில்லை. அசோகமித்திரனைக் கேட்டுப் புரிந்துகொள்வது கஷ்டம், அவர் சொல்லாமல் விட்ட இடங்களில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் வாங்கவும் வேண்டாம். சென்னையில் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் மாவட்ட நூலகத்தில் பழைய நாவல்கள் ஆளில்லாமல் காத்திருக்கும். கூடப் படிக்க ஒரே ஒருவர் இருந்தால் போதும். அக்காவோ சிநேகிதரோ அதே மாதம் அதே புத்தகத்தைப் படித்தால், ‘நாகு விஷயத்தில் ஆச்சி பேசினது சரியா?’ என்று போனில் சண்டை போடலாம். அந்தச் சண்டை படிப்பை நிற்கவிடாது.

ஆக, வருஷத்துக்குப் பன்னிரண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு வட்டாரம். எந்த வட்டாரத்தில் தொடங்குவது? சொந்த ஊரில் தொடங்காதீர்கள். சொந்த ஊர் நாவலில் ‘எங்க ஊர்ல இப்படி இல்லையே’ என்று சரிபார்த்துக்கொண்டே படிப்போம். அதைக் கடைசி மூன்று மாதத்துக்கு வையுங்கள். முதல் புத்தகம் மெலிந்ததாக இருக்கட்டும். என் தேர்வு ‘நாகம்மாள்’. விதவையான ஒருத்தி தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். கெட்டியப்பன் துணைக்கு வருகிறான். கொழுந்தன் சின்னப்பன் வீடு கலங்குகிறது. ஆசிரியர் யாருக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு மூன்று மாலையில் முடிந்துவிடும்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக விடலாம். ஐம்பது பக்கம் கொடுத்துப் பாருங்கள், ஒட்டவில்லையென்றால் அதே வட்டாரத்தில் வேறொன்றை எடுங்கள். ‘புயலிலே ஒரு தோணி’க்கு மட்டும் நூறு பக்கம் கொடுங்கள்.